வீட்டு ஸ்டுடியோவில் டிரம் லூப்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டிலிருந்தே பாட்டுக்கு இசையமைத்துப் பதிவு செய்ய விரும்புகிறவர்களுக்குச் சில ஆண்டுகளாகப் பாடம் சொல்லி வருகிறேன். கிட்டார், கீபோர்டு, குரல் பற்றிய சந்தேகங்கள் ஆளுக்கு ஆள் மாறுகின்றன. டிரம் லூப்களைப் பற்றிய சந்தேகங்கள் மட்டும் ஏறக்குறைய அதே வரிசையில், பல நேரம் அதே சொற்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றை எளியதிலிருந்து சிக்கலானதை நோக்கி இங்கே அடுக்கியிருக்கிறேன். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை விட்டிருக்கிறேன்.

1. லூப், சாம்பிள், ஒன்-ஷாட் என்று மூன்று பெயர் சொல்கிறார்களே, மூன்றும் ஒன்றுதானா?

ஏற்கெனவே பதிவான எந்த ஒலித்துண்டை எடுத்து இசையில் பயன்படுத்தினாலும் அது சாம்பிள். ஒரே ஒரு கிக் (காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்) அடி, ஒரே ஒரு ஸ்னேர் (‘சடக்’ என்று ஒலிக்கும் சிறிய டிரம்) அடி என்று தனித்தனியாகக் கிடைப்பது ஒன்-ஷாட். ஒரு பார் (தாளத்தின் ஒரு சுற்று, பெரும்பாலும் நான்கு தட்டு), இரண்டு பார், நான்கு பார் என்று முழுமையான தாள நடையாக வாசிக்கப்பட்டு, முடிவிலிருந்து தொடக்கத்துக்குத் தடையில்லாமல் திரும்பும்படி வெட்டப்பட்டிருப்பது லூப்.

நிஜ டிரம்ஸில் பதிவான லூப்பைக் கையாளும்போது ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அது ஒரு வாசிப்பாளர் ஓர் அறையில் உட்கார்ந்து, குறிப்பிட்ட வேகத்தில், குறிப்பிட்ட டிரம் செட்டில் வாசித்தது. அந்த வேகமும், அந்த அறையின் எதிரொலியும், அவருடைய கை சற்று முந்துவதும் பிந்துவதும் எல்லாம் கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கின்றன. கீழே வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் இந்த ஓர் உண்மையிலிருந்தே பிறக்கின்றன.

2. ராயல்டி-ஃப்ரீ என்று போட்டிருந்தால் இலவசம் என்றுதானே அர்த்தம்?

இல்லை. ஒருமுறை விலை கொடுத்தோ சந்தா கட்டியோ உரிமம் பெற்ற பிறகு, அந்த லூப்பைக் கொண்டு நீங்கள் செய்த பாட்டு எத்தனை முறை விற்றாலும், ஒலிபரப்பானாலும் லூப் செய்தவருக்கு மேற்கொண்டு பங்கு தர வேண்டியதில்லை என்பதே அதன் பொருள். லூப் உங்கள் சொத்தாகிவிடுவதில்லை. பயன்படுத்தும் அனுமதிதான் உங்களுடையது. அதனால்தான் லூப்பை அப்படியே தனியாக விற்பதையும், பிறருக்குப் பகிர்வதையும், இன்னொரு சாம்பிள் பேக்கில் (சாம்பிள்களின் தொகுப்பில்) சேர்ப்பதையும் பொதுவாக எல்லா உரிமங்களும் தடுக்கின்றன.

உரிமப் பக்கத்தை வாங்கிய அன்றே பிடிஎஃப் ஆகச் சேமித்து, ரசீதுடன் சேர்த்து அந்தப் பேக்கின் கோப்புறைக்குள்ளேயே வைத்துவிடுங்கள். இதை அனுபவத்திலிருந்து சொல்கிறேன். தொடக்கக் காலத்தில் நண்பர் ஒருவர் கொடுத்த ஹார்டு டிஸ்க்கிலிருந்த லூப் ஒன்றை ஒரு குறும்படத்துக்குப் பயன்படுத்தினேன். படத்தை வெளியிட முன்வந்தவர்கள் இசைக்கான உரிமச் சான்றைக் கேட்டபோது என்னிடம் காட்ட எதுவும் இல்லை. பின்னணி இசையின் தாளப் பகுதி முழுவதையும் இரண்டே இரவுகளில் மீண்டும் செய்ய வேண்டியதாயிற்று.

3. பேக் வாங்கக் காசில்லை. மென்பொருளோடு வந்த லூப்களை வைத்தே வேலை செய்தால் மட்டமாக இருக்குமா?

இருக்காது. 2007இல் ரிஹானா பாடி உலகெங்கும் ஒலித்த ‘அம்பிரெல்லா’ பாட்டின் டிரம்ஸ், ஆப்பிளின் கராஜ்பேண்ட் மென்பொருளுடன் எல்லோருக்கும் கிடைத்த ‘விண்டேஜ் ஃபங்க் கிட் 03’ என்ற லூப்தான். அதே லூப் அதே நாள்களில் பல்லாயிரம் கணினிகளில் இருந்தது. எதைச் சுற்றி வைத்தார்கள், எப்படி வைத்தார்கள் என்பதில்தான் வேறுபாடு வந்தது.

இலவசமாகத் தேடுகிறவர்களுக்கு ஃப்ரீசவுண்ட் இணையதளம் நல்ல இடம். பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்திலிருந்து 2005இல் தொடங்கப்பட்டது அது. அங்கே ஒவ்வொரு கோப்புக்கும் உரிமம் வேறு. சிசி0 என்றிருந்தால் எந்த நிபந்தனையும் இல்லை. ‘அட்ரிபியூஷன்’ என்றிருந்தால் பெயரைக் குறிப்பிட வேண்டும். ‘நான்-கமர்ஷியல்’ என்றிருந்தால் வருமானம் ஈட்டும் எதிலும் பயன்படுத்தக் கூடாது. மூன்றையும் ஒரே கோப்புறையில் கலந்து வைத்தால் ஆறு மாதம் கழித்து எது எதுவென்று உங்களுக்கே தெரியாது.

4. என் பாட்டு 92 பிபிஎம், லூப் 100 பிபிஎம். இழுத்துப் பொருத்தினால் சத்தம் கொழகொழவென்று ஆகிவிடுகிறது. என்ன செய்வது?

முதலில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பிபிஎம் என்பது நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்ற கணக்கு. நான்கு தட்டு கொண்ட ஒரு பாரின் நீளம் விநாடியில் எவ்வளவு என்று அறிய, 240ஐ பிபிஎம் எண்ணால் வகுக்க வேண்டும். 100இல் ஒரு பார் 2.4 விநாடி, 92இல் ஏறக்குறைய 2.61 விநாடி. ஒவ்வொரு பாரிலும் இல்லாத 0.2 விநாடியை மென்பொருள் எங்கிருந்தோ உருவாக்க வேண்டும். இருக்கும் ஒலியைச் சிறு சிறு துணுக்குகளாக வெட்டி, சிலவற்றை இருமுறை ஒட்டி அது நீளத்தை நிரப்புகிறது. நீண்டு ஒலிக்கும் குரலுக்கும் வயலினுக்கும் இது பரவாயில்லை. ஸ்னேரில் குச்சி படும் அந்த முதல் சில மில்லி விநாடிகள் இருமுறை ஒட்டப்பட்டால் அடியின் முனை மழுங்கிவிடும். நீங்கள் ‘கொழகொழ’ என்று சொல்வது அதைத்தான்.

இழுப்பதற்குப் பதில் வெட்டுங்கள். லூப்பை ஒவ்வொரு அடியின் தொடக்கத்திலும் துண்டாக்கி, துண்டுகளை மட்டும் 92இன் கட்டத்துக்கு (திரையில் தட்டுகளைக் காட்டும் கோடுகளுக்கு) நகர்த்தினால் எந்த அடியும் சிதையாது. 1994இல் வந்த ரீசைக்கிள் மென்பொருள் புகழ்பெற்றது இந்த ஒரு வேலைக்காகத்தான். இன்று ஏபிள்டன் லைவ், எஃப்எல் ஸ்டூடியோ, லாஜிக், க்யூபேஸ், ரீப்பர் ஆகிய இசைப் பதிவு மென்பொருள்கள் எல்லாவற்றிலும் ஏதோ ஒரு வகையில் இது கிடைக்கிறது. வேகம் குறையும்போது துண்டுகளுக்கு இடையே இடைவெளி விழும். சிம்பல் ஒலி பாதியில் அறுந்ததுபோலத் தோன்றும். ஒவ்வொரு துண்டின் முடிவிலும் சிறிய ஃபேடு (ஒலி படிப்படியாக அடங்குவது) வைத்து, மொத்தத்துக்கும் லேசான ரூம் ரிவெர்ப் (அறையின் எதிரொலி) கொடுத்தால் இடைவெளி மூடிக்கொள்ளும்.

மூன்றாவது வழி ஒன்று உண்டு. எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். பழைய டேப்பின் வேகத்தைக் குறைத்ததுபோல, சுருதியும் சேர்ந்து இறங்கும்படி லூப்பை மெதுவாக்குங்கள். 100இலிருந்து 92க்கு வந்தால் சுருதி ஏறக்குறைய ஒன்றரை செமிடோன் இறங்கும். டிரம்ஸுக்கு அது குறையே இல்லை. ஸ்னேர் சற்று கனமாக, பெரிய டிரம்மில் வாசித்ததுபோலக் கேட்கும். வேக வேறுபாடு பத்து விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் இந்த மூன்றையும் விட்டுவிட்டு வேறு லூப்பைத் தேடுவதே நேரத்தை மிச்சப்படுத்தும்.

5. லூப் திரும்பும் இடத்தில் ஒவ்வொரு முறையும் ‘டிக்’ என்று கேட்கிறது. கோப்பு கெட்டுவிட்டதா?

கோப்பு நன்றாகத்தான் இருக்கும். ஒலி அலை நடுக்கோட்டில் இல்லாத இடத்தில் வெட்டப்பட்டால் அந்தத் திடீர்த் தாவல் ‘டிக்’ என்று கேட்கும். வெட்டிய இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, அலை நடுக்கோட்டைக் கடக்கும் புள்ளிக்கு வெட்டை நகர்த்துங்கள். அல்லது இரண்டு மூன்று மில்லி விநாடி ஃபேடு போதும்.

‘டிக்’ இல்லாமல் தாளமே ஒரு கணம் தடுக்கினால், கோப்பு எம்பி3யா என்று பாருங்கள். எம்பி3 ஆக மாற்றும்போது கோப்பின் தலையிலும் வாலிலும் சிறிது மௌனம் சேர்ந்துவிடுகிறது. தலையில் மட்டும் இருபத்தைந்து மில்லி விநாடி அளவுக்குச் சேரலாம். பாட்டு கேட்பவருக்கு அது தெரியாது. லூப்பில் ஒவ்வொரு சுற்றிலும் தாளம் தடுக்கும். லூப்களை வேவ் வடிவிலேயே வைத்திருங்கள். 100 பிபிஎம்மில் எட்டு பார் லூப், 24 பிட் ஸ்டீரியோவில்கூட 5 எம்பி அளவுதான்.

6. ஒரே லூப்பை நான்கு நிமிடமும் ஓடவிடலாமா?

விடலாம், அப்படி அமைந்த நல்ல பாட்டுகள் உண்டு. திரும்ப வருவதால் அலுப்பு வராது. அதே சிறு தற்செயல் அதே இடத்தில் திரும்ப வந்தால்தான் காது பிடித்துக்கொள்ளும். என் மாணவர் ஒருவர் கொண்டுவந்த நான்கு பார் லூப்பில், மூன்றாவது பாரின் கடைசித் தட்டுக்குச் சற்று முன்னால் கிக் பெடலின் ஸ்பிரிங் ‘கீச்’ என்று முனகியது. தனியாகக் கேட்டபோது அழகாகவே இருந்தது. பக்கத்தில் யாரோ உட்கார்ந்து வாசிப்பதுபோல ஓர் உணர்வைக் கொடுத்தது. பாட்டில் அந்தக் கீச்சு இருபத்தாறு முறை வந்தது. ஆறாவது முறைக்குப் பிறகு எங்கள் இருவருக்கும் பாட்டில் வேறு எதுவும் காதில் விழவில்லை. இரண்டாவது பாரின் அதே இடத்தை நகலெடுத்து அங்கே ஒட்டினோம். முதல் சுற்றில் மட்டும் கீச்சை அப்படியே விட்டோம்.

நான்கு அல்லது எட்டு பாருக்கு ஒருமுறை எதையாவது எடுத்துவிடுங்கள்: ஒரு கிக்கை நீக்குவது, கடைசி அரைத் தட்டை மௌனமாக்குவது போன்றவை போதும். எதையும் சேர்ப்பதற்கு முன் எடுத்துப் பாருங்கள். சரணத்துக்கும் பல்லவிக்கும் வேறு வேறு லூப் வேண்டுமென்றால், அதே பேக்கில் அதே டிரம் செட்டில் அதே அமர்வில் வாசித்த துணை லூப்களையும் ஃபில்களையும் (பகுதி முடிவில் வரும் நிரப்பு அடிகளையும்) எடுங்கள். அறை மாறினால் காது உடனே கண்டுபிடித்துவிடும்.

7. தனியாகக் கேட்டால் பிரமாதமாக இருக்கும் லூப், பாட்டில் போட்டதும் மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது. ஏன்?

தனியாகக் கேட்கும்போது பிரமாதமாக இருக்க வேண்டும் என்பதற்காகவே அது அப்படிச் செய்யப்பட்டிருக்கிறது. வாங்குபவர் பத்து விநாடி முன்னோட்டம் கேட்டு முடிவெடுக்கிறார் என்பது விற்பவருக்குத் தெரியும்; ஆகவே கம்ப்ரெஷன் (பலத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள வேறுபாட்டைக் குறைப்பது), ஈக்யூ (கீழ்நாதம், மேல்நாதம் ஆகியவற்றைக் கூட்டிக் குறைப்பது), ரிவெர்ப் எல்லாம் ஏற்கெனவே ஏற்றப்பட்டு, ஒலி அளவு உச்சவரம்பைத் தொடும் நிலையில் கோப்பு உங்கள் கைக்கு வருகிறது. பழக்கத்தில் அதற்கு மேல் நீங்களும் ஒரு கம்ப்ரெஸரைப் போட்டால் அடிகளுக்கு இடையே இருக்கும் அறை ஒலி மேலெழுந்து மொத்த இடத்தையும் அடைத்துக்கொள்ளும்.

முதல் வேலையாக லூப்பின் அளவை எட்டு முதல் பத்து டெசிபெல் குறையுங்கள். பிறகு பேஸ் கிட்டாருடன் சேர்த்து மட்டும் கேளுங்கள். கிக்கும் பேஸும் ஒரே இடத்தில் மோதினால் இரண்டில் ஒன்றுக்கு அந்த இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். எது என்று பாட்டுதான் சொல்லும். குரல் வரும் பகுதியில் ஹை-ஹாட் (காலால் மூடித் திறக்கும் இரட்டைச் சிம்பல்) உறுத்தினால் 8 கிலோஹெர்ட்ஸ் சுற்றுவட்டத்தில் இரண்டு மூன்று டெசிபெல் குறைத்துப் பாருங்கள். ரிவெர்ப் ஏறிய லூப்பிலிருந்து அதை முழுமையாக நீக்குவது கடினம். ஆகையால் பேக்கில் ‘டிரை’ (ரிவெர்ப் ஏற்றாத) பதிப்பு இருந்தால் எப்போதும் அதையே எடுங்கள்.

8. கிக் பலமாகக் கேட்க வேண்டும் என்று இரண்டு லூப்களை அடுக்கினேன். பலம் கூடுவதற்குப் பதில் கிக் மெலிந்துவிட்டது!

ஒரு கிக்கின் அலை மேலே எழும் கணத்தில் மற்றதன் அலை கீழே இறங்கினால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 50 ஹெர்ட்ஸில் அடிநாதம் கொண்ட கிக்கின் ஓர் அலை முழுதாக முடிய 20 மில்லி விநாடி ஆகும். இரண்டு லூப்களுக்கும் இடையே 10 மில்லி விநாடி விலகல் இருந்தாலே ஒன்று மேலும் மற்றது கீழுமாக நேரெதிராகிவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒரே கோட்டில் இருப்பதுபோலத்தான் தெரியும்.

ஒரு லூப்பின் போலாரிட்டியைத் திருப்பிப் பாருங்கள், அதாவது அலையை மேல்கீழாக மாற்றுங்கள். கீழ்நாதம் திரும்பி வந்தால் அப்படியே விடலாம். அதைவிட உறுதியான வழி, இரண்டாவது லூப்பில் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளவற்றை வெட்டிவிட்டு, கிக்கின் பொறுப்பை முதல் லூப்பிடம் மட்டும் ஒப்படைப்பது.

9. லூப் கட்டத்தில் சரியாக உட்காரவில்லை. குவாண்டைஸ் செய்துவிடலாமா?

குவாண்டைஸ் என்றால் அடிகளைக் கட்டத்தின் கோடுகளுக்கு இழுத்து ஒட்டுவது. செய்வதற்கு முன் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை கேளுங்கள். முதல் கேள்விக்கான பதிலில் சொன்ன ‘கை முந்துவதும் பிந்துவதும்’ இதுதான். ஸ்னேர் கோட்டுக்குப் பத்து மில்லி விநாடி பின்னால் விழுவதால்தான் அந்த லூப் சாய்ந்து உட்கார்ந்து வாசிப்பதுபோல நிதானமாகக் கேட்கிறது. கோட்டுக்கு இழுத்துவிட்டால் அந்த நிதானத்தைத் துடைத்துவிடுவீர்கள்.

லூப்பைப் பாட்டுக்கு இழுப்பதைவிடப் பாட்டை லூப்புக்குக் கொண்டுவருவது நல்லது. பல மென்பொருள்களில் லூப்பின் நடையை மட்டும் பிரித்தெடுத்து, உங்கள் பேஸுக்கும் கீபோர்டுக்கும் கொடுக்கும் வசதி இருக்கிறது. கையால் செய்வதென்றால் ஸ்விங் (ஒன்றுவிட்டு ஓர் அடியைச் சற்றுத் தாமதிப்பது) அளவைக் கூட்டுங்கள். எம்பிசி என்ற தாள இயந்திரங்களின் வழக்கில் 50 விழுக்காடு என்பது நேர்கோடு. 66 என்பது முழுமையான திஸ்ர நடை. நான் பெரும்பாலும் 54க்கும் 58க்கும் இடையில் நிறுத்துகிறேன்.

10. ஆடியோ லூப் நல்லதா, மிடி லூப் நல்லதா?

மிடி லூப்பில் ஒலி இல்லை. எந்த அடி, எப்போது, எவ்வளவு பலமாக என்ற குறிப்பு மட்டும் உண்டு. ஆகவே நான்காம் கேள்வியின் வேகச் சிக்கலும் ஏழாம் கேள்வியின் ரிவெர்ப் சிக்கலும் அதில் இல்லை; ஒரே ஒரு கிக்கை மட்டும் நகர்த்தலாம், செட்டை மாற்றலாம். ஆனால் அதை ஒலிக்கவைக்க, ஒவ்வொரு டிரம்மையும் பல பல அளவுகளில் அடித்துப் பதிவு செய்த டிரம் மென்பொருள் தேவை. மெட்டு இன்னும் மாறிக்கொண்டிருக்கும்போது மிடி, முடிவான பிறகு குறிப்பிட்ட ஓர் அறையின் வாசனை வேண்டுமென்றால் ஆடியோ என்று நான் பிரித்துக்கொள்கிறேன்.

11. எனக்கு வேண்டியது மிஸ்ர சாபு. எல்லாப் பேக்கிலும் நான்கு தட்டுதான் இருக்கிறது. எப்படி?

வெட்டித்தான். சாதாரண நான்கு தட்டு லூப்பில் எட்டு அரைத்தட்டுகள் உண்டு: கிக் ஒன்றிலும் ஐந்திலும், ஸ்னேர் மூன்றிலும் ஏழிலும் விழும். எட்டாவதை வெட்டினால் மிஸ்ர சாபுவுக்கு வேண்டிய ஏழு கிடைக்கும். ஆனால் அது நான்கும் மூன்றுமாகப் பிரியும், மிஸ்ர சாபுவின் மூன்றும் நான்குமான நடை வராது. நான்காவது அரைத்தட்டை வெட்டுங்கள். இப்போது கிக் ஒன்றிலும் நான்கிலும், ஸ்னேர் மூன்றிலும் ஆறிலும் விழும். ‘தகிட தகதிமி’ என்று சொல்லிக்கொண்டே கேட்டால் பொருந்துவது தெரியும். வெட்டிய இடத்தில் சிம்பல் அறுபட்டால் நான்காம் கேள்வியில் சொன்ன ஃபேடு உதவும்.

தெம்மாங்கு நடைக்கு வேண்டிய ஆறெட்டு (6/8) தாளத்துக்கு இப்படி வெட்ட வேண்டாம். பேக்கில் ‘12/8’ அல்லது ‘ஷஃபிள்’ என்று பெயரிட்ட லூப்களைத் தேடி அவற்றில் பாதி பாரை எடுத்தால், இயல்பான ஆறெட்டு ஒன்று கைக்கு வரும். பறை, தவில், உறுமி ஆகியவற்றுக்கு லூப்பைத் தேடி நாள்களைக் கழிப்பதைவிட, உங்கள் ஊரிலேயே வாசிப்பவர் ஒருவரை அழைத்து, உரிய ஊதியம் கொடுத்து, ஒரு மணி நேரம் பதிவு செய்யுங்கள் என்பதே என் உறுதியான கருத்து. உறுமியின் இழுப்பை நான்கு பாருக்குள் அடைக்க முடியாது.

12. பழைய பாட்டு ஒன்றிலிருந்து இரண்டே விநாடி தாளம் எடுத்தால் கூடத் தப்பா? ஏழு விநாடி வரை எடுக்கலாம் என்கிறார்களே?

அப்படி விநாடிக் கணக்கு இந்தியச் சட்டத்தில் இல்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன்படி, ஒலிப்பதிவு வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் அதற்கு உரிமை உண்டு. அந்தப் பதிவை உள்ளடக்கிய இன்னொரு பதிவைச் செய்யும் உரிமையும் அதில் அடங்கும். மெட்டுக்கும் வரிகளுக்கும் உரிமை வேறு. ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழுவின் 1977ஆம் ஆண்டுப் பதிவிலிருந்து எடுக்கப்பட்ட ஏறக்குறைய இரண்டு விநாடித் தாளத்துண்டுக்காகப் பல ஆண்டுகள் வழக்கு நடந்தது. காதுக்கு அடையாளம் தெரியாதபடி மாற்றப்பட்டிருந்தால் ஒழிய, மிகச் சிறிய துண்டை எடுக்கவும் தயாரிப்பாளரின் அனுமதி வேண்டும் என்று 2019இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் கூறியது.

சட்டத்தை ஒதுக்கிவைத்துவிட்டு இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன். உலகில் மிக அதிகமாக எடுத்தாளப்பட்ட டிரம் துண்டு, தி வின்ஸ்டன்ஸ் குழு 1969இல் வெளியிட்ட ‘ஆமென், பிரதர்’ பாட்டில் கிரெகரி கோல்மன் வாசித்த நான்கு பார். ஏழு விநாடி அளவுதான். ஜங்கிள், டிரம் அண்டு பேஸ் என்ற இசை வகைகளே அதன்மேல் எழுந்தன. கோல்மன் 2006இல் இறந்தார். அந்த நான்கு பாருக்காக அவருக்கு எந்தப் பங்கும் வந்து சேரவில்லை. 2015இல் ரசிகர்கள் திரட்டிய 24,000 பவுண்டு, குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்குப் போய்ச் சேர்ந்தது. வாசித்தவர் அப்போது உயிருடன் இல்லை. உரிமம் பெற்ற லூப்பையே எடுங்கள் என்று மாணவர்களிடம் வற்புறுத்தும்போது என் மனத்தில் இருப்பவர் அவர்தான்.

13. உரிமத்தோடு வாங்கிய லூப்தான். ஆனாலும் யூடியூபில் என் பாட்டுக்கு உரிமைக் கோரிக்கை வந்துவிட்டதே?

அதே லூப்பை வைத்து வேறொருவர் செய்த பாட்டு யூடியூபின் தானியங்கி உரிமைச் சோதனையான கன்டென்ட் ஐடியில் பதிவாகியிருக்கும். இயந்திரம் இரண்டிலும் ஒரே தாளத்தைக் கேட்டு உங்களுடையதை நகல் என்று எண்ணியிருக்கும். பலருக்கும் பொதுவாக உரிமம் தரப்பட்ட லூப்கள் அப்படிப் பதிவு செய்வதற்குத் தகுதி உடையவை அல்ல என்பதே யூடியூபின் விதி. இரண்டாம் கேள்வியில் சேமிக்கச் சொன்ன ரசீதும் உரிமமும் கையில் இருந்தால், அவற்றைக் குறிப்பிட்டு மறுப்பு அனுப்புங்கள்.

இது மறுபுறமும் பொருந்தும். விநியோக நிறுவனம் வழியாகப் பாட்டை வெளியிடும்போது, தாளம் மட்டும் தனித்து நீண்ட நேரம் ஓடும் பகுதி உங்கள் பாட்டில் இருந்தால் கன்டென்ட் ஐடி வசதியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். இல்லாவிட்டால் அதே லூப்பை நேர்மையாக வாங்கிய இன்னொருவருக்கு உங்கள் பெயரில் கோரிக்கை போகும்.

14. என் அக்கா மகன் நன்றாக டிரம்ஸ் வாசிப்பான். அவனை வைத்து நாங்களே லூப் பேக் செய்து விற்கலாமா?

தாராளமாகச் செய்யலாம். ஒரே நிபந்தனை, பேக்கில் உள்ள எல்லா ஒலியும் உங்களுடையதாக இருக்க வேண்டும். வாங்கிய லூப்பை வெட்டி ஒட்டி, மாற்றி, உங்கள் பெயரில் விற்பதை இரண்டாம் கேள்வியில் சொன்ன உரிமமே தடுக்கிறது. அக்கா மகனே ஆனாலும், விற்பனைக்குப் பயன்படுத்த அவர் சம்மதிப்பதையும் வருமானத்தில் அவருடைய பங்கையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

பதிவின்போது ஹெட்ஃபோனில் க்ளிக் (வேகத்தைக் காட்டும் ‘டிக் டிக்’ ஒலி) கொடுத்து, ஒவ்வொரு வேகத்திலும் மூன்று நிமிடம் நிறுத்தாமல் வாசிக்கச் சொல்லுங்கள். முதல் நிமிடத்தை அநேகமாக விட்டுவிட வேண்டியிருக்கும். கை இறங்கி உட்காருவது இரண்டாவது நிமிடத்தில்தான். கடைசி அடிக்குப் பிறகு சிம்பல் முழுதாக அடங்கும்வரை யாரும் நாற்காலியை நகர்த்தாமல் பதிவை ஓடவிடுங்கள். மின்விசிறியை நிறுத்த மறக்காதீர்கள். ரிவெர்ப் எதுவும் ஏற்றாத பதிப்பையும் சேர்த்துக் கொடுங்கள். கோப்பின் பெயரில் பிபிஎம், தாளம், பார் எண்ணிக்கை ஆகியவற்றை எழுதுங்கள். அவற்றோடு வாசித்தவரின் பெயரையும் எழுதுங்கள்.